நல்ல கிருமித் தயிர்

அந்தக் கவர்ல என்ன சார், நல்ல கிருமியா? தப்பா நினைச்சுக்காதீங்க. மருந்துக் கடைப் பையில பச்சைக் கலர் அட்டைப்பெட்டி எட்டிப் பாத்துச்சு, அதான் கேட்டேன். உங்க வீட்லயும் அடிவயித்துலதான் கரண்டு வைக்கிறாங்களா? கர்ப்பப்பையில கட்டியா? அப்ப நம்ம செட்டுதான். உக்காருங்க, உக்காருங்க. இன்னிக்குத்தான் மொத நாளா? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. மொத நாள் எல்லாரும் நின்னுக்கிட்டேதான் இருப்பாங்க, ஏதோ உடனே கூப்பிட்டு மாலை போடப் போற மாதிரி.

உங்க டோக்கன் வர இன்னும் நேரம் கிடக்கு. மெஷின் லேட்டு. எங்க வீட்ல உள்ள போயி இப்பத்தான் கதவைச் சாத்தியிருக்காங்க. நான் போக்குவரத்துக் கழகத்துல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன் சார். மாசிலாமணின்னா டெப்போவுல எல்லாருக்கும் தெரியும். வண்டி அஞ்சு நிமிஷம் பிந்தி உள்ள வந்தா டிரைவர் என் ஜன்னலுக்கு முன்னாடி நின்னு பதில் சொல்லிட்டுத்தான் டீக்கடைக்கே போகணும். இங்க என்னடான்னா பாதி நாள் லேட்டு, கேட்டா "மெஷின் சூடாயிருச்சு சார்"ங்கிறான். சூடானா எங்க ஆளுங்க ரேடியேட்டர்ல தண்ணியை ஊத்திட்டு வண்டியை எடுப்பானுங்க. இவன் ஏசியில உக்காந்து காப்பி குடிக்கிறான்.

மொத நாள் கூத்தைக் கேளுங்க. மைக்குல "தையல்நாயகி, தையல்நாயகி"ன்னு கூப்பிடுறான். நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். எவ இவ, கூப்பிடக் கூப்பிட எந்திரிக்க மாட்டேங்குறாளேன்னு எனக்கே எரிச்சல். இவ மெதுவா என் கையைத் தொட்டு, "ஏங்க, என்னையத்தான் கூப்பிடுறாங்க"ங்கிறா. கல்யாணப் பத்திரிகையில பாத்த பேரு சார் அது. அப்புறம் எனக்கு எங்க தேவைப்பட்டுச்சு? 'ஏய்'னு ஒரு குரல் குடுத்தா காப்பியோட வந்து நிப்பா. அவளுக்கும் அது போதும். பேருல என்ன இருக்கு.

மக ஓசூர்ல இருக்கா. கைக்குழந்தைக்காரி. "நான் வந்து அம்மாவைப் பாத்துக்கிறேன்ப்பா"ன்னு ஒரே அழுகை. எதுக்கு? நான் என்ன செத்தா போயிட்டேன்? கல்லு மாதிரி நான் இருக்கையில நீ எதுக்கு வரணும்னு வச்சுட்டேன் போனை. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு ரூம் பிடிச்சேன். ஒரு கட்டிலு, ஒத்தை அடுப்பு. ஃப்ரிட்ஜெல்லாம் கிடையாது. ஜன்னலைத் திறந்தா சாக்கடை, அதனால திறக்கிறதில்ல. சௌகரியத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆரம்பத்துல எல்லாம் நல்லாத்தான் சார் போச்சு. கரண்டு வச்சுட்டு ரூமுக்கு வந்த கையோட எனக்கு ரசம் வச்சு, அப்பளம் பொரிச்சு, துணியைத் துவைச்சுப் போடுவா. அவ்வளவு தெம்பா இருந்தா. இதைப் போயி பெரிய வியாதிங்கிறாங்களேன்னு நினைச்சேன்.

அப்புறம்தான் வயிறு கெட்டுச்சு. உங்களுக்கும் சொல்லியிருப்பாங்களே? சொல்லலியா? சொல்லுவாங்க. போகப் போக வயித்தால போகும், முறுக்கிப் பிடிக்கும், சோத்தைக் கண்டா குமட்டும். இதுல இன்னொரு கொடுமை, கரண்டு வைக்கிறதுக்கு முன்னாடி தண்ணியை நிறையக் குடிச்சுட்டு ஒண்ணுக்குப் போகாம அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கணும். மூத்திரப்பை நிறைஞ்சிருந்தாத்தான் குடல் மேல ஏறி நிக்குமாம், அது மேல கரண்டு படாதாம். எங்க வண்டியில வர்ற பொம்பளைங்க தண்ணியே குடிக்காம அடக்கிக்கிட்டு வருவாங்க. இங்க குடிக்க வச்சு அடக்கச் சொல்றாங்க. முன்னேற்றம்தானே சார்?

அப்பத்தான் டாக்டரம்மா இந்தப் பாக்கெட்டை எழுதினாங்க. சின்னப் பொண்ணு. எங்க மக வயசுதான் இருக்கும். "அய்யா, இந்தக் கரண்டு கட்டியை மட்டும் பாத்துச் சுடாது. பக்கத்துல இருக்கிற குடலும் கொஞ்சம் புண்ணாகும். குடல்ல இருக்கிற நல்ல கிருமியும் குறைஞ்சு போகும். இது நல்ல கிருமிப் பவுடர். தினம் ஒண்ணு, ஆறின தண்ணியில கரைச்சுக் குடுங்க. சிலருக்குப் பேதி குறையுது, சிலருக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது. குடுத்துப் பாப்போம். ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சா நிறுத்திருவோம்"னாங்க.

நீங்களே சொல்லுங்க சார். ஒரு டிரைவர் என்கிட்ட வந்து, "பிரேக்கு சில நேரம் பிடிக்குது, சில நேரம் பிடிக்கலை, ஓட்டிப் பாப்போம்"னா நான் வண்டியை வெளிய விடுவேனா? அப்புறம் ஒரு பட்டியலே போட்டாங்க. கீரை வேணாம், தோலோட பழம் வேணாம், பால் சமாச்சாரம் எதுவும் இப்போதைக்கு வேணாம், வெளிச் சாப்பாடு வேணாம், கஞ்சி குடுங்க, உப்பு சர்க்கரைத் தண்ணி குடுங்க. வேணாம் வேணாம்னு சொல்றதுக்கு எதுக்கு சார் டாக்டருக்குப் படிக்கணும்? எங்க மேனேஜர் அதை எட்டாவது படிச்சுட்டே சொல்லுவார்.

நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "நல்ல கிருமின்னா, தயிர்ல இருக்குமே அதுதானேம்மா?" அந்தம்மா அடுத்த ஃபைலை எடுத்துக்கிட்டே, "கிட்டத்தட்ட அந்த வகைதான்"னாங்க.

கிட்டத்தட்ட! எனக்கு அது போதாதா? ரூமுக்கு வர்ற வழியெல்லாம் மண்டைக்குள்ள ஓடுது. தயிர்ல இருக்கிற கிருமியைக் காய வச்சுப் பொடி பண்ணி, பாக்கெட்டுல போட்டு, அதுக்கு வாயில நுழையாத ஒரு பேரு வச்சு நம்ம தலையில கட்டுறானுங்க. எங்க வீட்ல கல்யாணமானதுலேருந்து கடைத் தயிர் வாங்கினதே கிடையாது. இன்னிக்குத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்து வச்சா நாளைக்கு உறை. நாளைக்குத் தயிர்ல ஒரு கரண்டி எடுத்தா மறுநாளுக்கு உறை. அதுபாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கும். அப்ப இந்தப் பாக்கெட்டுல ஒண்ணைப் பால்ல உறை ஊத்திட்டா, ஆயுசுக்கும் நல்ல கிருமிதானே? கிண்ணம் கிண்ணமா வருமே? அவங்க குடுக்கிற துளியூண்டு பொடி எங்க, நம்ம கிண்ணம் எங்க! இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில இது ஒருத்தருக்கும் தோணலியேன்னு ஆச்சரியமா இருந்துச்சு.

"பால் சமாச்சாரம் வேணாம்னாங்களே"ன்னு இவ இழுத்தா. உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம படுன்னேன். தயிர் குளிர்ச்சி. வயித்துல நெருப்பு வச்சிருக்கான், குளிர்ச்சிதானே குடுக்கணும்? இதுக்கு ஒரு டாக்டர் வந்து சொல்லணுமா?

அடுப்படிப் பக்கம் நான் போனதே இல்லை சார். தப்பா நினைக்காதீங்க, போக விட்டதில்லை இவ. மொத தடவை பால் பொங்கி அடுப்பெல்லாம் அபிஷேகம். மிச்சம் இருந்ததுல கொதிக்கக் கொதிக்கப் பாக்கெட்டைக் கொட்டுனேன். இவ கட்டில்ல எந்திரிச்சு உக்காந்து, "ஏங்க, சூட்டுல போட்டா உறையாதுங்க, நான் பண்றேன்"ங்கிறா. நீ படுன்னேன். மறுநாள் பாத்தா பால் பாலாவே இருக்கு. சரின்னு அடுத்த பாக்கெட்டை எடுத்து, வெதுவெதுன்னு ஆற வச்சு ஊத்தி, என் குளிருக்குப் போத்துற துண்டைச் சுத்தி வச்சேன். உறைஞ்சிருச்சு சார்! கொஞ்சம் வழவழன்னு இருந்துச்சு, கரண்டியைத் தூக்குனா நூல் நூலா வந்துச்சு. வாசனையும் ஒரு மாதிரிதான். மருந்துத் தயிர்னா மல்லிப்பூ வாசனையா அடிக்கும்?

கிண்ணத்துல போட்டு, உப்புப் போட்டு, இவ கையில குடுத்தேன். வாங்கினவ கிண்ணத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. கண்ணுல தண்ணி நிக்குது. "என்னடி"ன்னா, "அடுப்புப் புகைங்க"ங்கிறா. கேஸ் அடுப்புல ஏதுடி புகைன்னு கேட்டேன். இதுங்க புத்தி நமக்குப் புரியாது சார். ஆனா சாப்பிட்டா. கிண்ணத்தை விரலால வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டா. அவ்வளவு ருசி போலருக்கு!

அப்புறம் விடுவேனா? காலையில ஒரு கிண்ணம், சாயந்திரம் ஒரு கிண்ணம். பழைய தயிர்ல ஒரு கரண்டி எடுத்துப் புதுப் பால்ல ஊத்துறது, அதுலேருந்து அடுத்ததுக்கு ஊத்துறது. பாக்கெட்டெல்லாம் பத்திரமா பெட்டியில வச்சுட்டேன், அது எதுக்கு வீணா? பக்கத்து ரூம்ல ஒருத்தர் மச்சானைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தார். பாவம், கஷ்டப்படுறாரேன்னு அந்த மச்சானுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தேன். அதோட அந்த மனுஷன் என்னைக் கண்டா அந்தப் பக்கமாப் போறார். நல்லதுக்குக் காலம் இல்லை.

இவளுக்குப் பேதி கூடிப்போச்சு. நிமிஷத்துக்கு நிமிஷம் ஓடுறா. நான் என்ன நினைச்சேன்? மெஷின்காரன் கரண்டைக் கூட்டி வச்சுட்டான்னு நினைச்சேன். போயி சண்டை கூடப் போட்டேன், அவன் "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும் சார்"ங்கிறான். டாக்டரம்மா வாரா வாரம் பாக்கும்போது, "வயிறு எப்படிம்மா இருக்கு, பாக்கெட் குடிக்கிறீங்களா?"ன்னு கேப்பாங்க. இவ என்னைத் திரும்பி ஒரு பார்வை பாப்பா. "குடிக்கிறேன் டாக்டர், பரவாயில்லை டாக்டர்"ம்பா. நான் பெருமையா நிப்பேன். நம்ம தயிர் ரகசியத்தைக் காப்பாத்துறான்னு நினைச்சேன். ஆளு பாதியா வத்திப்போனா. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. எந்திரிக்கச் செவுத்தைப் பிடிப்பா. ஆனா கிண்ணத்தை நீட்டுனா வாங்கிக்குவா. ஒரு நாள் கூட வேணாம்னதில்லை சார், சாமி சத்தியமா.

அன்னிக்கும் இதே பெஞ்சுதான். தண்ணியைக் குடிச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு, சேலைத் தலைப்பை வாயில கடிச்சுக்கிட்டு அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கா. மைக்குல பேரைக் கூப்பிடுறான். எந்திரிச்சா. எந்திரிச்சவ அப்படியே நின்னுட்டா. சேலையெல்லாம்... அதை விடுங்க. ஹால் பூரா பாக்குறாங்க. எனக்கு ஒரு வேகத்துல, "என்ன கருமம்டி இது, முன்னாடியே வாயைத் திறந்து சொல்லக்கூடாதா"ன்னு சத்தம் போட்டுட்டேன். பின்ன, நாலு பேர் முன்னாடி மானம் போகுதே? சொல்லி முடிக்கல, அவ கீழ கிடக்குறா. தொட்டா நெருப்பாக் கொதிக்குது.

அப்படியே தூக்கிக்கிட்டுப் போயி வார்டுல போட்டாங்க. ட்ரிப்ஸ் ஏத்துறான், ஊசி போடுறான், ரத்தம் எடுக்குறான். வெள்ளை அணு ஒண்ணுமே இல்லாமப் போச்சாம். வாரா வாரம் மருந்து வேற ஏத்துறாங்கல்ல, அதனாலயாம். கரண்டை நிறுத்திட்டாங்க. நான் சும்மா இருப்பேனா? ரூமுக்கு ஓடிப்போயி தூக்கு நிறையத் தயிரை எடுத்துக்கிட்டு வந்து கட்டில் பக்கத்துல ஸ்டூல்ல வச்சேன், கண்ணு முழிச்சதும் குடுக்கலாம்னு.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தவங்க தூக்கைப் பாத்துட்டாங்க. மூடியைத் திறந்து மோந்து பாத்தாங்க. மூஞ்சி மாறிப்போச்சு. "என்ன இது?"

"தயிர்ம்மா. உங்க நல்ல கிருமியை உறை ஊத்தினது"ன்னேன். ஒரு பாராட்டு வரும்னு நின்னேன் சார்.

"உறை ஊத்தினீங்களா? எதை? எங்க?" அந்தச் சின்ன உடம்புல அவ்வளவு சத்தம் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலை. "அந்தப் பாக்கெட்டுல இருக்கிறதுதான் இதுல வளரும்னு யாரு சொன்னா? ஃப்ரிட்ஜ் இல்லாத ரூம்ல, மாத்தி மாத்தி ஊத்தினதுல எந்தக் கிருமி வளர்ந்திருக்கோ! எதிர்ப்புச் சக்தியே இல்லாத உடம்பு இது. பால் சமாச்சாரமே வேணாம்னு சொன்னேனே! யாரு குடுத்தா இதை?"

நான் வாயைத் திறக்கிறேன். அதுக்குள்ள கட்டில்லேருந்து குரல் வருது. கண்ணைக் கூடச் சரியாத் திறக்கலை, அதுக்குள்ள பேச்சைப் பாருங்க. "நான்தான் டாக்டர். எனக்குத் தயிர்னா உசிரு. ஆசைப்பட்டு நானே உறை ஊத்திக்கிட்டேன். அவரு வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கலை. இப்பக்கூட நான் கெஞ்சினதுக்காகத்தான் கொண்டாந்தாரு."

டாக்டரம்மா அவளைப் பிடிச்சுத் திட்டுனாங்க பாருங்க. படிக்காதவங்கன்னா இதான் பிரச்னை, உசிரு உங்களுக்கு விளையாட்டா இருக்கான்னு. நான் என்ன பண்றது? அவளே ஒத்துக்கிட்டதுக்கப்புறம் நான் குறுக்க விழுந்து, இல்லம்மா அவ பொய் சொல்றான்னா, வீட்டுப் பொம்பளையைப் பொய்க்காரி ஆக்கின மாதிரி ஆகாதா? அதனால நானும் சேந்துக்கிட்டேன். "நல்லாச் சொல்லுங்கம்மா, நாக்கைக் கட்டுன்னா கேக்குறாளா"ன்னேன். இவ கண்ணை மூடிக்கிட்டுச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்படித் தோணுச்சு.

எல்லாரும் போனப்புறம் கேட்டேன். ஏய், எதுக்குடி அப்படிச் சொன்னேன்னு. சொல்றா: "அந்தப் பொண்ணு உங்களைத் திட்டினா நான் எப்படிங்க படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கிறது? எனக்குன்னு நீங்க அடுப்பைப் பத்த வச்சது அதுதான் மொத தடவை. நல்லா இல்லைதான். வயித்துக்கு ஒத்துக்கலைன்னு தெரியும். எப்படிங்க வேணாம்ங்கிறது?"

நல்லா இல்லையாமே சார்! வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு!

டெப்போவுல எத்தனை டிரைவர், எத்தனை கண்டக்டர், யூனியன் ஆளுங்க, எவன்கிட்டயும் நான் பேச்சுல தோத்ததில்லை. அன்னிக்கு "தூங்கு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். அந்தத் தூக்கைக் குழாயடியில கொண்டு போயி கொட்டிட்டுக் கழுவினேன். கழுவினேன், கழுவினேன், வாசனை போகவே இல்லை. அங்க துணி அலசிக்கிட்டு இருந்த அம்மா, "குடுங்கண்ணே, நான் கழுவித் தாரேன்"னு கையை நீட்டிச்சு. குடுக்கலை. என்ன அவசரம் அதுக்கு?

பாருங்க, இப்பவும் சொல்றேன், அந்தம்மா "கிட்டத்தட்ட"ன்னு சொன்னதுதான் தப்பு. படிச்சவங்க வார்த்தையை அளந்து பேச வேணாமா? பொறுப்பு இருக்குல்ல? என் மேல எதுவும் கிடையாது. இவளே சொல்லிட்டா, கேஸ் முடிஞ்சுது.

இப்பத்தான் திரும்ப ஆரம்பிச்சிருக்காங்க. இதுக்கு நடுவுல, டாக்டரம்மா என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாங்க. "அய்யா, இந்த வைத்தியத்தை நடுவுல நிறுத்தவே கூடாது. நிறுத்தின நாள்ல அந்தக் கட்டி சும்மா இருக்காது, மறுபடி தலை தூக்கப் பாக்கும். விட்டுப்போனதை ஈடு கட்டப் பாக்குறோம். பாப்போம்"னாங்க. நான் சொன்னேன், "அதுக்கென்னம்மா, எங்க டெப்போவுல ட்ரிப்பு கட்டானா மறுநாள் ஸ்பெஷல் விட்டுச் சரி பண்ணிருவோம்"னு. அந்தம்மா சிரிக்கலை. சாதாரணமா நான் அப்படிச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க. "பாப்போம்"னு திரும்பச் சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அது என்ன சார் "பாப்போம்"? பாக்கெட் குடுக்கும்போதும் "பாப்போம்", இதுக்கும் "பாப்போம்". உங்க டாக்டர் எப்படி? விவரமாச் சொல்றவரா? நடுவுல கொஞ்ச நாள் விட்டுப்போனா என்ன ஆகும்னு உங்ககிட்ட எதாச்சும் சொன்னாரா? இல்ல, சும்மா கேக்குறேன். தெரிஞ்சு வச்சுக்கிறதுக்காக. நீங்க படிச்சவர் மாதிரி தெரியுறீங்க. ஒண்ணும் ஆகாதில்ல? ரொம்ப நாளெல்லாம் இல்லை சார், கொஞ்ச நாள்தான் விட்டுப்போச்சு.

இருங்க, கதவு திறக்குது. இதோ வந்துட்டா. செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றா பாருங்க, அவதான். அவ வந்து உக்காந்ததும் இதைக் கேட்டுறாதீங்க. கேட்டா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க"ன்னுதான் சொல்லுவா. சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. அதை நான் எப்படி சார் நம்புறது? எனக்காக டாக்டர்கிட்டயே கூசாமப் பொய் சொன்னவ அவ. நீங்க சொல்லுங்க. அவ பக்கத்துல வர்றதுக்குள்ள சொல்லிருங்க சார். ஒண்ணும் ஆகாதில்ல?